கியர்பாக்ஸை இறக்கும் முன் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெஸ்தாரி ஜெயாவிலும் (பெரியவர்களுக்கு இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் பழைய சாகா, இஸ்வாரா, வீரா, கஞ்சில் கார்கள் இன்னும் ஓடுகின்றன. வயதான கார் என்றால் எங்காவது ஆயில் கசியத்தான் செய்யும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரத்தைக் கண்டதுமே “பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பின் சீல் என்பது எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் (சுழலும் அச்சு) கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம். இறக்கி ஏற்றும் கூலி பெரிய கூலி. கொடுத்த மறுமாதமே அதே இடத்தில் மறுபடி சொட்டினால், அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? பழைய கார் வைத்திருக்கும் உங்கள் வாசகர்களுக்குச் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், சொட்டுவது எஞ்சின் ஆயில்தானா என்று பாருங்கள். ஏர்கோண்ட் போட்டு ஓட்டிய காரின் அடியில் தண்ணீர் சொட்டுவது இயல்பு. சிவப்பாக இருந்தால் ஆட்டோ கியர் ஆயிலாகவோ பவர் ஸ்டீயரிங் ஆயிலாகவோ இருக்கலாம். மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில் கந்தக நாற்றம் அடிக்கும். பழுப்போ கறுப்போ வழவழப்பாக இருந்தால்தான் எஞ்சின் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் வெளிர் மஞ்சளாக ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஆயில். அப்படியானால் காரை எடுக்கவே கூடாது.

ஆயில் மேலிருந்து கீழே இறங்கும், கார் ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. சாகா முதல் வீரா வரை பல கார்களில் இருக்கும் மிட்சுபிஷி 4ஜி13, 4ஜி15 எஞ்சின்களில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், ஹெட்டின் (எஞ்சினின் மேல்பகுதி) கியர்பாக்ஸ் பக்கத்து முனையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் கழுத்தில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங் சூட்டில் காய்ந்து இறுகிவிட்டால், ஆயில் நேராகக் கியர்பாக்ஸ் மேல் வழிந்து அடியில் போய்ச் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது அச்சு அசலாகப் பின் சீல் கசிவு போலவே தெரியும். ஓ-ரிங் விலை சில வெள்ளி. ரோக்கர் கவருக்கு (ஹெட்டின் மேல்மூடி) அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் பின் மூலையில் கசிந்தாலும் இதே கதைதான்.

ஆகவே கழுவாமல் எதையும் கழற்றக் கூடாது. எஞ்சின் நன்றாக ஆறியபின் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், காற்று போகும் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, டீகிரீசர் அடித்துப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் வேண்டாம். நம் தோட்டத்துச் செம்மண் தூசி ஆயிலோடு சேர்ந்து கெட்டிப் படலமாகப் பிடித்திருக்கும், அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு சந்தேகப்படும் இணைப்புகளில் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். பெல்ட் ஓடும் பக்கத்தில் தூவ வேண்டாம். பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் ஊறிய இடம் கறுப்புக் கோடாகத் தெரியும். கோடு எங்கே தொடங்குகிறதோ, மிக மேலே உள்ள அந்த ஈரம்தான் குற்றவாளி. முதலில் அதைச் சரிசெய்து, மறுபடி கழுவி, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் நாலு இடத்தைப் பிரித்துப் போட்டால் எது கசிந்தது என்றே தெரியாமல் போகும். பவுடரில் பிடிபடாத சின்னக் கசிவுக்கு, ஆயிலில் கலக்கும் சாயமும் புற ஊதா விளக்கும் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கின்றன.

கேஸ்கெட்டைத் தொடுமுன் பார்க்க வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: பிசிவி வால்வு. பிஸ்டன் ஓரமாக நழுவிவரும் புகையை எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் சின்ன வால்வு அது. அழுக்கேறி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் கிலுகிலுவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவுங்கள், அல்லது புதிதாகப் போடுங்கள். அதன் ரப்பர் குழாய் உப்பி, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வால்வு நன்றாக இருந்தும், எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை புசுபுசுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது கம்ப்ரெஷன் சோதனை செய்யாமல் கேஸ்கெட்டுக்குக் காசு செலவழிப்பது வீண்.

ரோக்கர் கவர் கேஸ்கெட் மாற்றுவது எளிய வேலை, ஆனால் கெடுப்பதும் எளிது. பழைய கேஸ்கெட், பழைய பசை எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் சுத்தமாக எடுத்து, ஆயில் இல்லாமல் துடைக்க வேண்டும். ரப்பர் கேஸ்கெட்டுக்குச் சுற்றிலும் சிலிக்கான் பசை தேவையில்லை. ஹெட்டின் ஓரத்தில் அரைவட்ட ரப்பர் இருந்தால் அதன் இரு மூலைகளில் சிறு பொட்டு வைத்தால் போதும். பற்பசை பிதுக்குவதுபோல் சுற்றிலும் பிதுக்கிவைப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம். உள்பக்கம் பிதுங்கிய பசை பிய்ந்து விழுந்து சம்புக்குள் (எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) போய் ஆயில் பம்பின் வடிகட்டியை அடைத்தால், கசிந்த எஞ்சின் சாகும் எஞ்சினாகிவிடும். போல்ட்டை மாற்றி மாற்றி, சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கசிகிறதே என்று இறுக்க இறுக்கத் தகடு வளைந்து இன்னும் கசியும்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுமுன் அதன் உடலிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். மூடியைத் திறந்து ரோட்டர் எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும்போது எஞ்சினைச் சுற்றக் கூடாது. புது ஓ-ரிங்கில் ஆயில் தடவி மாட்டியபின் டைமிங் லைட் வைத்துச் சரிபார்ப்பது நல்லது. மூடிக்குள்ளேயே ஆயில் இருந்தால் ஓ-ரிங் மட்டும் போதாது, உள் சீலும் போயிருக்கிறது.

ஆயில் பிரஷர் ஸ்விட்சும் அடிக்கடி கசியும். நடுவில் உள்ள பிளாஸ்டிக் வழியாக ஆயில் வரும், ஒயர் சாக்கெட் நனைந்திருக்கும். புதியதைப் போடும்போது மரைக்கு மட்டும் சீலண்ட் தடவி மெதுவாக முடுக்குங்கள். கூம்பு மரை என்பதால் பலம் காட்டினால் அது உட்காரும் இடம் வெடிக்கும். சர்வீஸ் முடிந்த கையோடு ஆயில் கொட்டினால் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

டைமிங் பெல்ட் (கிராங்க் ஷாஃப்ட்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் பல் பெல்ட்) மூடிக்குள்ளிருந்து ஆயில் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். கேம் ஷாஃப்ட்டின் சீலோ கிராங்க் ஷாஃப்ட்டின் முன் சீலோ கசிகிறது என்று அர்த்தம். ஆயிலில் ஊறிய ரப்பர் பெல்ட் உப்பி, பல் தாண்டும் அல்லது அறுந்துபோகும். நனைந்த பெல்ட் புதியதாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள், துடைத்து மாட்டாதீர்கள். பிரித்ததே பிரித்தோம், இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றிவிடுவது லாபம். பழைய சீலை ஸ்குரூடிரைவரால் நெம்பும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழுந்தால் புது சீலும் கசியும். ஷாஃப்ட்டில் பழைய சீல் தேய்த்த பள்ளம் விரல்நகத்துக்குத் தட்டுப்பட்டால், புது சீலின் உதடு அந்தப் பள்ளத்தில் உட்காராதபடி ஒரு மில்லிமீட்டர் அளவு தள்ளி உட்காரவைப்பது வழக்கம்.

இத்தனையும் பார்த்து, மேலே எல்லாம் காய்ந்திருந்து, கீழே மட்டும் ஈரம் என்றால் அப்போது பின் சீல் என்று சொல்லலாம். அதைச் செய்யும்போது கிளட்ச் தட்டையும் அளந்து பாருங்கள், தேய்ந்திருந்தால் ஒரே கூலியில் முடிந்துவிடும். கசிவை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ரப்பரை உப்பவைத்துத்தான் கசிவை அடைக்கிறது. கிழிந்த சீலுக்கும் வெடித்த கேஸ்கெட்டுக்கும் அதனால் பயனில்லை.

பழுது பார்க்கும்வரை வாரம் ஒருமுறையாவது, சமதரையில், எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஆயில் குச்சியைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சின் புகை வெளியேறும் சூடான குழாய்) ஆயில் விழுந்து தீய்ந்த வாடை காருக்குள் வந்தால் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது தீப்பிடிக்கும்.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கியர்பாக்ஸை இறக்கச் சொல்லுமுன் காரின் சொந்தக்காரரை அருகில் அழைத்து, கழுவிய எஞ்சினில் ஆயில் வரும் இடத்தை டார்ச் அடித்துக் காட்டுங்கள்.

வடித்த ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள திட்டமிட்ட கழிவுப்பொருள் விதிமுறைகளில் பழைய மசகு எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்று பட்டியலிடப்பட்டிருக்கிறது. வாய்க்காலில் ஊற்றுவது குற்றம். நம் ஊரை ஒட்டி ஓடும் சுங்கை சிலாங்கூர்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்குக் குடிநீர். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டதை நாம் மறக்கவில்லை. வீட்டில் சர்வீஸ் செய்கிறவர்கள் பழைய ஆயிலைக் கொண்டுபோய்க் கொடுக்க, மூடியுள்ள ஒரு பீப்பாயைப் பெஸ்தாரி ஜெயா சந்தைப் பக்கம் ஊராட்சி மன்றம் வைத்தால் உதவியாக இருக்கும். அதுவரை மூடிய போத்தலில் ஊற்றி, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
பட்டறைத் தொழிலாளி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.