கதவைத் திறந்து வைக்காதே, கண்ணு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் போகிற போக்கில் நீ சொன்ன ஒரு வார்த்தை ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. "அடுப்புக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால்தான்ப்பா விறகு பிடிக்கிறது" என்றாய். வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கும் அந்தக் கண்ணாடிக் கதவு அடுப்பை அப்படித் திறந்து வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிடாதே. பொறி தெறிப்பது ஒரு பக்கம். கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு அறைக்குள் வந்தால் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று, இதைப் படித்த கையோடு அழுத்திப் பார்.

கதவைத் திறந்தால் எரிந்து, மூடினால் மங்குகிற அடுப்புக்குப் பெரும்பாலும் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். எனக்கும் இதே கதை நடந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க விறகு ஈரம் என்று புலம்பினேன். துடைத்த கண்ணாடி இரண்டே நாளில் கறுத்துவிடும். கடைசியில் வெளிச்சுவரில் காற்று உள்ளே வரும் குழாயைப் போய்ப் பார்த்தால், அதன் கம்பி வலையில் சிலந்திக்கூடும் சருகும் பஞ்சு மெத்தை மாதிரி அடைந்திருந்தன. விரலால் வழித்து எடுத்தேன். அன்று சாயங்காலமே தீ நிமிர்ந்து எரிந்தது.

உன் அடுப்பிலும் முதலில் வெளியிலிருந்தே தொடங்கு. உள்ளே கை வைப்பதென்றால் அடுப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும். நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு நாள் கழித்தும் சாம்பலுக்குள் கங்கு கிடக்கும். மூடி போட்ட இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே வை. வீடு கூட்டும் வாக்குவம் கிளீனரை மட்டும் சாம்பலில் வைத்துவிடாதே.

பிறகு டார்ச் அடித்துத் துளைகளைப் பார். கீழே வரும் காற்று விறகு பற்றுவதற்கு. கண்ணாடியை ஒட்டி மேலிருந்து இறங்குவது கண்ணாடியில் கரி படியாமல் காப்பதற்கு. பின்சுவரில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருந்தால், அவை எரியாமல் தப்பும் புகையை எரிப்பதற்கு. இந்த வரிசையைத்தான் யாரும் பார்ப்பதில்லை. சாம்பல் கட்டியாகி, துளை இருந்த இடமே தெரியாமல் மூடியிருக்கும். மெல்லிய கம்பியை விட்டு மெதுவாகத் திருகினால் உதிர்ந்துவிடும். துளையைப் பெரிதாக்கிவிடாதே, அந்த அளவு கணக்குப் போட்டு வைத்தது.

காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர வேண்டும். சிக்கினால் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டு கிராஃபைட் பொடி தூவு. எண்ணெய் விடாதே, சூட்டில் கருகி நாறும், சாம்பலும் ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை நாள் மூச்சுத் திணறி எரிந்ததால் புகைபோக்கிக்குள் தார் மாதிரிப் படிந்திருக்கும். அது தீப்பிடித்தால் கூரை வரை போகும். அதனால் சுத்தம் செய்கிறவரை இந்த மாதமே கூப்பிடு, அடுத்த வருஷம் என்று தள்ளாதே.

சனிக்கிழமை உனக்கு லீவுதானே. காலையில் அடுப்பு ஆறியிருக்கும்போது பின்சுவர்த் துளைகளை டார்ச் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. எத்தனை அடைந்திருக்கின்றன என்று நானும் எண்ணிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா