1197-க்கும் 1200-க்கும் நடுவில்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நாளை உங்கள் வருஷத் திதி. மற்ற வேலையை எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் திண்ணையில் கிடந்த ரேடியோவை எடுத்துத் துடைத்தேன். பேட்டரி மூடியைத் திறந்தால், உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் 9, மறுபக்கம் 10. அது 10-இல் நின்றது. நான் வாங்கித் தந்த நாளிலிருந்தே அப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

உங்களுக்கு இந்த ஒரு வரி போதும். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் விரித்து எழுதுகிறேன். நம் நாட்டில் மீடியம் வேவ் நிலையங்களுக்கு ஒன்பது ஒன்பது கிலோஹெர்ட்ஸ் தள்ளி இடம் ஒதுக்குகிறார்கள். எல்லா எண்ணும் ஒன்பதால் வகுபடும்: திருநெல்வேலி 1197, திருவனந்தபுரம் 1161, சென்னை 720. அமெரிக்காவில் பத்து பத்து. பத்தில் வைத்த டிஜிட்டல் செட் 1190-இலிருந்து ஒரே தாவலில் 1200-க்குப் போய்விடும், 1197-இல் நிற்கவே நிற்காது. மூன்று தள்ளி நின்றாலும் பேச்சு வரும். ஆனால் மூக்கால் பேசுகிற மாதிரி வரும், ‘ச’வும் ‘ஸ’வும் வரும் இடமெல்லாம் சீறும். திருவனந்தபுரத்துக்கு 1160, ஒன்றுதான் தள்ளி, காதுக்குத் தெரியாது. சென்னை 720 இரண்டு கணக்கிலும் விழும். ராத்திரி சென்னை சுத்தமாக வந்ததைக் காட்டித்தான், நீங்கள் எதுவும் சொல்வதற்கு முன்பே, ‘செட்டில் ஒரு குறையும் இல்லை’ என்று உங்களிடம் சாதித்தேன். சீறல் கேட்டபோது, திண்ணை எல்இடி பல்பை அணைத்துப் பாருங்கள் என்றேன். பல்பும் சார்ஜரும் இரைச்சல் கிளப்பும் என்பது உண்மைதான். ஆனால் அது ரீங்காரமாகக் கேட்கும், சீறலாகக் கேட்காது. இந்த வித்தியாசம் தெரிந்த நானே அதைக் கவனிக்கவில்லை.

பழைய பெட்டியில் இந்தத் தொல்லையே கிடையாது. திருகினால் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அது எங்கே போனது என்று இங்கே எழுத முடியாது. பெரியம்மாவுக்கு யாராவது வாசித்துக் காட்டிவிடுவார்கள்.

அப்போதெல்லாம் காலை 5.55-க்கு, வால்டர் காஃப்மன் அமைத்த அந்த ஆகாசவாணி அடையாள மெட்டோடு நிலையம் திறக்கும். மங்கள இசை, 6.55-க்கு சமஸ்கிருதச் செய்தி, ஒரு வார்த்தை புரியாமல் அதையும் கேட்பீர்கள். 7.15-க்கு தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமி வாசித்தால் வீட்டில் யாரும் பாத்திரம் கழுவக் கூடாது. பத்து நிமிஷம். 7.25-க்கு மலையாளச் செய்தி, ‘வாயிக்குன்னது கோபன்’. இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை.

அந்த 7.25 தான் கண்ணில் நிற்கிறது. இடது கை குமிழைத் திருப்பும். 1197-இலிருந்து 1161, முள்ளுக்கு ஓர் அரிசி அகலம்தான். வலது கை பெட்டியையே கால் சுற்று திருப்பும். கிழக்கே தென்காசிப் பக்கம் பார்த்த முகம் தெற்கே மலைப் பக்கம் பார்க்கும். ஏதோ பழக்கம் என்று நினைத்திருந்தேன். பிறகு மேப்பில் கோடு போட்டுப் பார்த்தேன். நம் புளியரையிலிருந்து திருநெல்வேலி கிழக்கே கொஞ்சம் தெற்காக, திருவனந்தபுரம் தெற்கே கொஞ்சம் மேற்காக. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 90 பாகை. பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் கம்பிதான் ஆன்டெனா, அது தன் பக்கவாட்டில் வருவதை நன்றாக வாங்கும், நுனிப்பக்கம் வருவதை வாங்காது. ஒரு நிலையத்துக்கு முகம் காட்டினால் மற்றது தானாக அமுங்கிவிடும். யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்திருக்கிறீர்கள். மலைக்கு அந்தப் பக்கத்து எஃப்எம் நமக்கு எட்டாது, நேர்க்கோட்டில் வந்து மலையில் முட்டி நின்றுவிடும். மீடியம் வேவ் தரையை ஒட்டி மலையையும் தாண்டி வரும்.

புது செட் வந்த பிறகு நீங்கள் தமிழே வைக்கவில்லை. காலையில் மலையாளச் செய்தி, அப்புறம் அவர்களுடைய சந்தை விலை நிகழ்ச்சி ‘கம்போள நிலவாரம்’, சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி ‘வயலும் வீடும்’. 6.30 தமிழ் மாநிலச் செய்தியைக்கூட விட்டுவிட்டீர்கள். ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் நான் கேட்டேன்: “என்ன பெரியப்பா, முழுக்க மலையாளத்தானா மாறிட்டீங்க?” எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: “அவன் குரல் தெளிவா இருக்குடே.”

பாஷையைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சொத்துப் பேச்சு நடந்த சமயம் வேறு. அதில் யார் பக்கம் யார் நின்றார் என்பது இங்கே வேண்டாம். ஆனால் அந்தப் பதிலை அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, இரண்டு வருஷம் உங்களோடு சரியாகப் பேசவில்லை. நீங்கள் சொன்னது குரலைத்தான். மூன்று கிலோஹெர்ட்ஸைத்தான்.

மன்னித்துவிடுங்கள். ஆனாலும், ‘ஏலே, நீ வாங்கித் தந்தது சரியில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? வீட்டையே ஒரு பெட்டிக்காக வாய்மூட வைத்தவர், அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. என் மனசு நோகும் என்று பார்த்தீர்களா, இவனிடம் என்ன பேச்சு என்று விட்டீர்களா? இரண்டில் எது என்று இனி யாரிடம் கேட்க?

சுவிட்சை 9-க்குத் தள்ளிவிட்டேன். தள்ளினால் பதிந்து வைத்த நிலையங்கள் அழிந்துவிடும், மறுபடி ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். 1197-ஐ முதல் பொத்தானில் வைத்திருக்கிறேன், 1161-ஐ இரண்டாவதில். செட் இப்போது கிழக்கே பார்த்து இருக்கிறது.

உங்கள்
தம்பி மகன்