அதே மருந்துதான்மா, கம்பெனி மட்டும் வேற

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இன்சுலின் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும் பாட்டிலும் 100 யூனிட் இருக்கும் பாட்டிலும் ஒரே கடை ஃபிரிட்ஜில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததா என்ன.

போன மாதம் அம்மா வழக்கமாக வாங்கும் 30/70 இன்சுலின் (இரண்டு வகை இன்சுலின் கலந்தது) பிராண்டு கடையில் இல்லை. "அதே 30/70தான்மா, கம்பெனி மட்டும் வேற" என்று சொல்லி வேறொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பொய் இல்லை, மருந்து அதேதான். ஆனால் பழையதில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், புதியதில் 100. வீட்டில் இருந்தது 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சு. அம்மா எப்போதும்போல 20-ஆம் கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டார், உள்ளே போனது 50 யூனிட். ராத்திரி ஒரு மணிக்குப் புடவையைப் பிழியலாம் போல வியர்த்து உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்து "நீ யாரு"ன்னு கேட்டார். சுகர் 41. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 108-க்கு போன் போட்டு, அப்புறம் விடியும்வரை ஆஸ்பத்திரி பெஞ்சு.

விலை குறைந்த மருந்துக்கு நான் எதிரி இல்லை, எங்களுக்கும் அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் இது பாராசிட்டமால் இல்லையே. இன்சுலின் ஒரு ஹார்மோன், ஈஸ்ட்டிலோ பாக்டீரியாவிலோ வளர்த்தெடுக்கிற புரதம். அதனால்தான் கிளார்ஜின் மாதிரி இன்சுலினை இன்னொரு கம்பெனி செய்தால் ஜெனரிக் (அச்சு அசலான நகல் மருந்து) என்று சொல்லாமல் பயோசிமிலர் (மிக நெருக்கமாக ஒத்த மருந்து) என்கிறார்கள். நன்றாகவே வேலை செய்யும், மாற்றிய புதிதில் சுகரை அடிக்கடி பார்த்துக்கொண்டால் சரி. அதற்கு மாற்றினார்கள் என்பது முதலில் தெரிய வேண்டுமே!

மருந்தின் பொதுப்பெயரை, அதாவது எந்தக் கம்பெனி செய்தாலும் மாறாத பெயரை, பிராண்டுப் பெயரைவிடப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018-லேயே விதி வந்தது. நல்ல விதி, ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு. கடைப் பெயர்ப்பலகை தமிழில் இருந்தாக வேண்டும் என்றும் விதி இருக்கிறது, பலகையைப் படித்து ஊசி போட்டுக்கொள்ள முடியாதே. பல நாடுகள் 40 யூனிட்டை எப்போதோ கைவிட்டுவிட்டன, நாமோ இன்னும் இரண்டையும் வைத்துக்கொண்டு கிழவிகளுக்குக் கணக்குப் பரீட்சை நடத்துகிறோம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான். இன்சுலின் பிராண்டை மாற்றினால் கடையில் ஒரு சீட்டு கொடுக்கச் சொல்லுங்கள். மருந்தின் பொதுப்பெயர், 40-ஆ 100-ஆ, எந்த நிற மூடி சிரிஞ்சு, மூன்றே வரி, தமிழில்.

அம்மா இப்போது ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் பாட்டிலைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார். நேற்று நான் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். பத்து மணி வரை ஊசியும் போடாமல் சாப்பிடாமலும் உட்கார்ந்திருந்தார். அந்தச் சீட்டுக்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
ஒரு மகள்