ஒப்பந்தத்துக்கு முந்தைய ஆறு ஆண்டுகள்

ஐயா,

2024 ஜூனில் டெக்சாசின் கைல் ஃபீல்டு அரங்கில் 1,10,905 பேரைத் திரட்டிய, அமெரிக்க நாட்டுப்புறப் பாணியான கன்ட்ரி இசையின் பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெயிட் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அவரது இசை வாழ்க்கை 1981இல் எம்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு தொடங்கியதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 1975 அக்டோபரிலேயே, டெக்சாசின் சான் மார்கஸ் நகரில் ரயில் பாதையை ஒட்டிய சீத்தம் ஸ்ட்ரீட் வேர்ஹவுஸ் என்ற பழைய கிடங்கில் 'ஏஸ் இன் தி ஹோல்' குழுவுடன் முதன்முதலாகப் பாடிய அவர், பகலில் மாட்டுப்பண்ணை வேலை, இரவில் நடனக்கூடங்களில் பாட்டு என ஆண்டுக்கணக்கில் அலைந்தார். கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரம் அவரை வேண்டாமென்று திருப்பி அனுப்பியதும் அந்த ஆண்டுகளில்தான். கூட்டத்தின் கால்களைப் பார்த்துப் பாடக் கற்றுத்தருவது கிளப் மேடையே அன்றி ஒலிப்பதிவுக்கூடம் அல்ல.

டெக்சாசின் ஆஸ்டினில் நான் பணியாற்றிய நாட்களில், ஒரு கிளப்பில், முப்பது பேர்கூட இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவில், ஆடவந்த முதிய தம்பதி தடுமாறுவதைக் கண்ட வேறொரு பாடகர், பாட்டை நிறுத்தாமலே அதன் வேகத்தைக் குறைத்ததைப் பார்த்தேன். பிறகு மேசை மேசையாகச் சுற்றிவந்த பிளாஸ்டிக் வாளியில் விழுந்த ஒரு டாலர் தாள்கள்தாம் அவருக்கு அன்றைய கூலி (நுழைவுக் கட்டணமும் கிடையாது). இனி இத்தகைய கட்டுரைகளில் விற்பனைக் கணக்குக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையேனும், கட்டுரைக்குரிய பாடகர் பாடிப் பழகிய கிளப்புகளுக்கும் அவற்றை நடத்தியவர்களுக்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
கோயம்புத்தூர்