மேஜைக் காலைப் பிடிச்சுக்கச் சொன்ன துப்பாக்கி சுடுற ரேஞ்ச் கமிட்டிக்கு

கமிட்டி அய்யாமாருக்கு வணக்கம்.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும், வீல்சேர்ல வர்ற தம்பியோட அக்கா. போன ஞாயித்துக்கிழமை மேட்ச்ல அவன் சுடுற லேன்ல குத்த வச்சு உக்காந்து மேஜைக் காலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேனே, அந்த ஆளேதான். மூணு வருஷமா வாயால சொல்லி அலுத்துப்போச்சு, ரெண்டு லெட்டரும் உங்க மேஜையிலதான் கிடக்கு, அதான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

கேக்குறது ஒன்னுதான். ஆடாத மேஜை ஒன்னு, அதுமேல எஸ்எச்2 ஆளுங்களுக்கான, அதாவது துப்பாக்கி வெயிட்டக் கையால தாங்க முடியாத மாற்றுத்திறனாளிங்களுக்கான ஸ்பிரிங் ஸ்டாண்டு ஒன்னு.

எஸ்எச்1, எஸ்எச்2 வித்தியாசத்த உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்ல. ஆனா "மணல் மூட்டை வச்சு அடிங்கம்மா, அவனி லெகரா ஸ்டாண்டு வச்சா அடிக்கிறாங்க"ன்னு உங்கள்ல ஒருத்தரே கேட்டாரு பாருங்க, அன்னைக்கு எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. பாராலிம்பிக்ல தங்கம் வாங்குன அவனி எஸ்எச்1 சார், துப்பாக்கி வெயிட்ட அவங்க கையே தாங்கும். என் தம்பி சாரத்துல இருந்து விழுந்து கழுத்து நரம்பு போனவன், நாலஞ்சு கிலோ ரைஃபிள எங்க தாங்குறது? ஸ்பிரிங் வெயிட்ட மட்டும்தான் வாங்கிக்கும், மத்தபடி எல்லாப் பக்கமும் அசையும், குறி நிறுத்துறது அவன் பாடுதான். மணல் மூட்டைல அப்படியே பதிஞ்சு உக்காந்துரும், அதுல பழகிட்டு மேட்ச்ல ஸ்பிரிங்ல வச்சா கையே புதுசாத் தெரியும். நடுவுல ஒரு தடவ கேமரா ட்ரைபாட் குடுத்தீங்க, கல்யாண வீட்டு வீடியோக்காரர் வச்சிருப்பாரே அது. ஃபேன் காத்துக்கே ஆடுச்சு.

இப்ப ஞாயித்துக்கிழமை கதைக்கு வரேன். லேன்ல போட்டிருக்கிறது நீளப் பலகை, பக்கத்து லேனோட சேர்ந்தது, அதுல ஒரு காலுக்குக் கீழ அட்டை மடிச்சுச் சொருகியிருக்கு. பக்கத்துப் பையன் லோடு பண்ண லிவர இழுக்கும்போதெல்லாம் டக்குனு ஒரு உதறல், அது பலகை வழியா வந்து எங்க துப்பாக்கி நுனியில நிக்கும். நுனி 1 மில்லிமீட்டர் ஆடுனா 10 மீட்டர்ல குண்டு கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் தள்ளிப் போகும், அது குறி அட்டையில நாலு ரிங்கு. பத்தாம் ரிங்கு அரை மில்லிமீட்டர் புள்ளி சார். 10.2, 10.4ன்னு பாயிண்ட் வந்துக்கிட்டிருந்தவனுக்குத் திடீர்னு 7.6. அவன் ஒன்னும் சொல்லல, என்னைத் திரும்பிப் பாத்தான், அவ்வளவுதான்.

அதிகாரிகிட்ட போனா "நீங்க சும்மாதான நிக்கிறீங்க, காலப் பிடிச்சுக்கோங்களேன்"ங்கிறாரு. நான் சும்மா நிக்கலைங்க, லோடர். அவன் விரலுக்குப் பெல்லட், அந்தக் குட்டி குண்டு, பிடிக்க வராது, நான்தான் போட்டுத் தரணும். எந்திரிச்சுப் பெல்லட் போடு, குனிஞ்சு காலப் பிடி, அவன் மூச்ச அடக்கும்போது நானும் அடக்கு, சத்தம் கேட்டதும் எந்திரி. அறுபது ஷாட்டுக்கும் இதேதான். மறுநாள் மாடிப்படி ஏற முடியல எனக்கு.

சரி, 50 மீட்டருக்கும் பேர் குடுக்கலாம்னு கேட்டா "முதல்ல பத்து மீட்டர ஒழுங்கா அடிக்கட்டும்"ங்கிறீங்க. அதே உதறல் அங்க 5 சென்டிமீட்டர் ஆகும்னு எங்களுக்கும் தெரியுது, அதனாலதான் மேஜையே கேக்குறோம்! கர்நாடகத்து ஸ்ரீஹர்ஷா தேவரட்டி எஸ்எச்2லதான் 2022ல பிரான்ஸ்ல ஷாட்டோரூல நடந்த வேர்ல்டு கப்ல தங்கம் வாங்குனாரு, அவருக்குக் கீழ யாரும் மேஜையப் பிடிச்சிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

அவனி பாரிஸ்ல ஜெயிச்சப்ப கேட்ல பெரிய ஃப்ளெக்ஸ் வச்சீங்க, சந்தோஷம்தான். அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழ இருக்கிற ரெண்டு படிக்கு ரேம்ப் வரல. பாத்ரூம் கதவு வீல்சேர விட ஒல்லி. பரிசளிப்பு மேடை மேஜை மட்டும் நல்ல தேக்கு, கைய ஊனிப் பாத்தேன், அசையவே இல்ல, சீஃப் கெஸ்ட்டு என்ன குறியா வைக்கப் போறாரு?

மன்னிக்கணும், கோவத்துல எங்கயோ போயிட்டேன்.

மேஜைக்குப் பெரிய செலவு இல்லைங்க. எங்க தெரு வெல்டிங் பட்டறை அண்ணன்கிட்ட கேட்டேன், ரெண்டு இன்ச் சதுரப் பைப்புல மூணு கால் வச்சு அடிச்சுத் தர்றேங்கிறாரு. மூணு கால்னா தரை மேடுபள்ளமா இருந்தாலும் ஆடாது, அடியில வேணா அந்த மணல் மூட்டையக் கட்டித் தொங்க விடலாம், அதுக்கும் ஒரு வேலை ஆச்சு. முன்னாடி வளைவா வெட்டிட்டா சேர் உள்ள வரைக்கும் போகும். ஸ்பிரிங் ஸ்டாண்டு மட்டும் கிளப்தான் வாங்கணும், அது எங்களால ஆகாது.

தயவுசெஞ்சு அடுத்த ட்ரயலுக்குள்ள இந்த ரெண்டையும் பாத்துப் பண்ணிக் குடுங்க. மேஜைக்குப் பணம் இல்லன்னா சொல்லுங்க, நாங்களே அடிச்சுத் தூக்கிட்டு வரோம், கேட்ல "வெளிச்சாமானுக்கு அனுமதி இல்ல"ன்னு திருப்பி அனுப்பாம இருக்க ஒரு வரி எழுதி செக்யூரிட்டி அண்ணன்கிட்ட குடுத்துருங்க, போதும்.

இப்படிக்கு,
லேன் 4 லோடர்