ஜலாலி நாட்காட்டியில் 33 ஆண்டுச் சூத்திரம் இல்லை

ஆசிரியர் அவர்கட்கு,

பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த குறிப்பு, பாரசீகச் சூரிய நாட்காட்டி "33 ஆண்டுக்கு 8 மிகுநாள்" (365 நாளுக்கு மேல் கூட்டும் நாள்) என்னும் உமர் கய்யாமின் சூத்திரத்தில் அமைந்தது என்கிறது. இது திருத்தப்பட வேண்டும். நாட்காட்டிக்குப் பெயர் தந்த சுல்தான் மலிக்ஷாவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாததும் குறையே.

1072 முதல் 1092 வரை ஆண்ட செல்யூக் துருக்கியர் அவர். ஜலாலுத்தௌலா என்ற அவரது பட்டமே இந்நாட்காட்டிக்கு 'ஜலாலி' என்ற பெயராயிற்று. அவருக்கிருந்த சிக்கல் நிலவரி. நிலவை ஒட்டிய ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள், அறுவடையோடு ஒட்டாது. பழைய பாரசீக யஸ்தகிர்த் ஆண்டோ மிகுநாளே இல்லாத 365 நாள். நாலாண்டுக்கு ஒரு நாளாக நழுவி, 1079 இல் நவ்ரூஸ் 18 நாள் முந்திவிட்டது. கய்யாம், இஸ்பிஸாரி, வாசிதி முதலிய வானியலாளர் கூடிக் கணித்தபின், அவ்வாண்டு மார்ச் 15 இல் வந்த, முதல் மாதமான பர்வர்தீனின் 19 ஆம் நாளையே பர்வர்தீன் 1 ஆக்கினார்கள்.

விதி ஒன்றுதான்: சூரியன் வசந்த விஷுவத்தை (மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் புள்ளியை) கடக்கும் நேரம் நண்பகலுக்கு முன்னென்றால் அன்றே நவ்ரூஸ், பின்னென்றால் மறுநாள். 2024 இல் அது ஈரான் நேரப்படி மார்ச் 20 காலை 6.36, அன்றே நவ்ரூஸ். 2025 இல் அதே திகதி பகல் 12.31, அரைமணி பிந்தியதால் நவ்ரூஸ் 21 ஆம் திகதிக்குப் போய், கழிந்த ஆண்டு 366 நாளாயிற்று.

33 என்பது இதன் விளைவு மட்டுமே. ஆண்டுதோறும் மிஞ்சுவது ஏறக்குறைய 5 மணி 49 நிமிடம். நாலாண்டில் அது 23 மணி 16 நிமிடம்தான். முழுநாளுக்கு ஏறக்குறைய முக்கால் மணி குறைவு. இக்குறை ஏழு தடவை சேர்ந்தால் ஓராண்டு மிச்சத்தை நெருங்கும். அப்போது மிகுநாள் ஐந்தாம் ஆண்டில் விழும். சிலவேளை ஆறு தடவையிலேயே விழுந்துவிடும். சூத்திரத்தை நம்பினால் இந்த இடத்தில்தான் ஒரு நாள் பிசகும்.

நம் பஞ்சாங்கக்காரருக்கு இம்முறை அந்நியமன்று. சங்கிராந்தி சூரிய அஸ்தமனத்துக்கு முன்னா பின்னா என்றுதானே மாதப்பிறப்பை முடிவு செய்கிறோம்? ஆனால் நமது ஆண்டு நட்சத்திரத்தை ஒட்டியது. அதனால் சித்திரை ஒன்று சுமார் 60 ஆண்டுக்கு ஒரு நாள் பிந்துகிறது, நவ்ரூஸ் பிந்துவதில்லை. 1925 இல் ஈரான் மாத நீளங்களை மாற்றியபோதும் ஆண்டுப்பிறப்பை விஷுவத்திலேயே வைத்துக்கொண்டது. மலிக்ஷா விட்டுச்சென்றவற்றுள் இன்றும் உயிரோடிருப்பது இதுவே.

இனி நவ்ரூஸ் திகதி அச்சிடுமுன், விஷுவ நேரம் எங்கள் மணிக்கூட்டில் பிற்பகல் 2 மணிக்கு முன்னா பின்னா என்று பார்க்கவும். ஈரானில் அதுவே நண்பகல்.

இங்ஙனம்,
பஞ்சாங்க கணித ஆர்வலர்,
யாழ்ப்பாணம்.