கட்டாத ரிசார்ட்டின் பங்குதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். கேரளாவில் இடுக்கி மாவட்டத்துக் காந்தலூர் மலையில் நீங்கள் கட்டுவதாக இருந்த ரிசார்ட்டுக்கு வரைபடம் போட்ட ஆர்க்கிடெக்ட் எழுதுகிறேன். திட்டத்தைக் கைவிட்டதாக மெயில் வந்தது. ஃபீஸ் பாக்கியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. சரி, அதை வேறு இடத்தில் பேசிக்கொள்ளலாம். இப்போது நான் கேட்பது, பர்மிட் கைக்கு வருவதற்கு முன்பே ஜேசிபி விட்டு நீங்கள் வெட்டிப் போட்ட பாதையைப் பற்றி.

முதல் மீட்டிங்கிலேயே சரிவை நிரவக் கூடாது, தூண் நிறுத்தி மேலே வீட்டை உட்கார வைக்கலாம் என்று சொன்னேன். புதுசாக ஒன்றும் இல்லை, ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் தன் வீட்டைப் பாறைச் சரிவின் போக்கிலேயே கட்டினார். தலையாட்டினீர்கள். அப்புறம் 'கார் வாசல் வரைக்கும் வரணும்' என்றீர்கள், வில்லாவுக்கு ஒரு நீச்சல் குளம் என்றீர்கள். மூன்று மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் ஒரு குளத்துக்கு 18,000 லிட்டர். கட்டிட விதிப்படி வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர், ஐந்து நட்சத்திர விடுதியில் 320 லிட்டர் கணக்கு வைக்க வேண்டும். குளம் அதற்கு மேல். இத்தனையும் எந்த ஊற்றிலிருந்து வரும் என்று கேட்டதற்கு, மண் சுவரையும் சோலாரையும் காட்டி 'அதான் சஸ்டெய்னபிளாச்சே' என்றார் உங்களில் ஒருவர். மண் சுவர் எனக்கும் பிடிக்கும். அந்தச் சைட் மண்ணைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன், அடியில் மணல், மேலே வண்டல், அதற்கும் மேலே மெல்லிசாகக் களி. சுவருக்கு நல்ல மண்தான். ஆனால் புல்லையும் வேரையும் சுரண்டி எடுத்துவிட்டால் முதல் மழைக்கே கரைந்து ஓடுகிற மண்ணும் அதுதான்.

ஓடியும் விட்டது. இது மழைமறைவுப் பக்கம், பெரிய மழை வராது என்று சொன்னீர்கள். மூணாறு அளவுக்கு இங்கே பெய்யாது, உண்மைதான், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொட்டும்போது ஒரே ராத்திரியில் கொட்டும். நீங்கள் வெட்டிய பாதை இப்போது வாய்க்கால் ஆகிவிட்டது. டயர் தடம் இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம், யூகலிப்டஸ் வேர்கள் அந்தரத்தில் தொங்குகின்றன, பக்கத்து ஓடையை ஜேசிபி மண் அடைத்துக் கிடக்கிறது. வழி மாறிய தண்ணீர் நேராகக் கீழே பூண்டுப் படிவயல்களில்தான் இறங்குகிறது. காந்தலூர், வட்டவடை பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த வயல்கள் இந்த மாதிரிப் படிகள்தான். கீழே வயல் வைத்திருக்கும் பெரியவர் என்னைப் பார்த்ததும் கோபப்படக்கூட இல்லை. "நீங்க கட்டுனாலும் சரி, கட்டாட்டியும் சரி சார், எங்க ஓடையைப் பழைய வழியில விட்ருங்க" என்றார். உங்கள் ஆள் என்றுதானே என்னை நினைப்பார்.

2020 ஆகஸ்ட்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களோடு எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ் ஆட்கள். அங்கே பெய்த மழை வேறு, சரிவும் வேறு, உங்கள் பாதையோடு அதை முடிச்சுப் போட மாட்டேன். ஆனால் இந்த மாவட்டத்தில் மழை பெய்தால் கீழே இருப்பவர்கள் ஏன் தூங்குவதில்லை என்று இனிமேலாவது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பெரிய செலவு இல்லை. அடைத்த ஓடையைத் தோண்டித் திறக்க வேண்டும். பாதையின் குறுக்கே இடைவெளி விட்டுக் கல் தடுப்பு, வெட்டின கரைக்குச் சிமெண்ட் இல்லாத கல்லடுக்கு, அதன் மேல் வரிசையாக வெட்டிவேர். வேர் பிடித்தால் கரை நிற்கும். கல் சைட்டிலேயே குவிந்து கிடக்கிறது, நீங்கள் வெட்டி எடுத்ததுதான். வரைபடம் போட்டுவிட்டேன், இதற்கு ஃபீஸ் வேண்டாம். ஐப்பசி பிறப்பதற்குள் ஆள் அனுப்புங்கள், உள்ளூர் மேஸ்திரி நம்பர் உங்கள் சைட் சூப்பர்வைசரிடமே இருக்கிறது.